ஊதிப் பார்த்தால் தெரியாத போதை

கும்மிடிப்பூண்டி சிப்காட் வட்டாரத்தில் இரண்டாம் ஷிப்டு முடிந்து தொழிலாளர்கள் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்த வேளையில் ஒரு டிரெய்லர் லாரி மோதியது. இரும்பு உருக்காலை ஒன்றில் காண்டிராக்டரிடம் கூலிக்கு வேலை செய்யும் ஒடிசாத் தொழிலாளி ஒருவருக்கு முழங்காலுக்குக் கீழே வலது கால் போய்விட்டது. லாரி ஓட்டியவர் நமது சங்கத்தின் உறுப்பினர். இருபத்தேழு வயது வாலிபர்.

போலீசார் வந்தார்கள். டிரைவரைக் கருவியில் ஊதச் சொன்னார்கள். பூஜ்யம் காட்டியது. மது அருந்தவில்லை என்று எழுதிக்கொண்டார்கள். பாரதிய நியாய சன்ஹிதாவின் 281, 125 பிரிவுகளில் வழக்குப் பதிவாயிற்று. அவர்களைப் பொறுத்தவரை விசாரணை அத்துடன் தீர்ந்தது.

நான்கு நாள் கழித்து அந்த வாலிபர் சங்க ஆபீசுக்கு வந்தார். மற்றவர்கள் போகும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பிறகு சொன்னார்: "அண்ணே, ஊதச் சொன்னாங்க, ஊதினேன். குடிக்கலைங்கறது நெசம்தான். ஆனா அரை மணிக்கு முந்தி வண்டிய ஓரங்கட்டி கஞ்சா இழுத்தேன். அந்த சைக்கிள நான் பாத்தேண்ணே. பாத்தேன். பிரேக் மேல கால் போகல."

இதை எழுதலாமா கூடாதா என்று தோழர்களிடையே இரண்டு அபிப்பிராயங்கள் இருந்தன. "எந்த விபத்துக்கும் டிரைவரே காரணம் என்று சொல்லக் காத்திருக்கும் லாரி முதலாளிகளின் கையில் நாமே தடியை எடுத்துக் கொடுப்பதா?" என்று சில தோழர்கள் கேட்டார்கள். இது அற்பமான ஆட்சேபம் அல்ல. ஆனால் சக்கரத்தின் அடியில் சிக்கியவரும் தொழிலாளிதானே? அவருக்கு நாம் என்ன பதில் சொல்வது? உறுப்பினரின் தவறை மூடி வைத்துக்கொண்டு, உறுப்பினர் அல்லாத ஒரு வெளிமாநிலத் தொழிலாளியின் காலைக் கணக்கில் சேர்க்காமல் விடுவதற்குப் பெயர் வர்க்க ஒற்றுமையா? எழுதுவதென்றே முடிவாயிற்று. அந்த வாலிபர் தம் வக்கீலிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். எழுதச் சம்மதமும் தந்தார். பெயரையும் நாளையும் இடத்தையும் வேண்டுமென்றே விட்டிருக்கிறோம்.

முதலில் கஞ்சாவைப் பற்றிப் பேசுவோம். தேசிய நெடுஞ்சாலை 16-ன் ஓரத்தில், கவரப்பேட்டையிலிருந்து ஆரம்பாக்கம் வரை, எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் டிரைவர்கள் ஒரு வாதம் சொல்வார்கள். "சரக்கு போட்டவன் பறப்பான், கஞ்சா போட்டவன் நிதானமாகப் போவான். அதில் ஆபத்து இல்லை." இந்த வாதத்தில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் அது இவ்வளவு நாள் நிலைத்து நிற்கிறது.

கஞ்சா இழுத்தவர் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஓட்டுகிறார். முன்னால் போகும் வண்டிக்கும் தனக்கும் இடைவெளியைக் கூட்டிக்கொள்கிறார். ஆராய்ச்சியாளர்களும் இதைக் கண்டிருக்கிறார்கள். தனக்கு ஏதோ குறைந்திருக்கிறது என்று அவருக்குத் தெரிகிறது. ஈடு செய்யப் பார்க்கிறார். ஆனால் எதை ஈடு செய்ய முடியும்? கஞ்சாவில் போதை தரும் பொருளுக்கு டி.எச்.சி. என்று சுருக்கப் பெயர். அது மூளைக்கு ஏறியதும் வண்டி கோட்டுக்குள் நேராக நிற்பதில்லை. இப்படியும் அப்படியும் அலைகிறது. தூரத்தையும் நேரத்தையும் கண் மதிப்பிடுவது பிசகுகிறது. ஒரே சமயத்தில் இரண்டு மூன்று விஷயங்களைக் கவனிக்கும் சக்தி குறைகிறது. கண் பார்த்ததைக் கால் செய்வதற்கு ஆகும் நேரம் நீளுகிறது.

ஆறு வழிச் சாலையில், நள்ளிரவில், நேராகப் போகும்வரை இவ்வளவும் வெளியே தெரியாது. நெடுஞ்சாலையிலிருந்து சிப்காட்டுக்குள் திரும்பினால்தான் தெரியும். நாற்பதடிக் கண்டெய்னரை இழுத்துக்கொண்டு திரும்பும்போது இடது பக்கக் கண்ணாடியில் பின்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். வலது பக்கத்தில் ஷேர் ஆட்டோ நுழையும். எதிரே விளக்கு இல்லாத டிராக்டர் வரும். ஓரத்தில் மாடு படுத்திருக்கும். ஷிப்டு விட்ட சைக்கிள்கள் இருட்டில் கும்பலாக வரும். ஒரு கணத்தில் ஐந்து விஷயம். நிதானமாகப் போவதனால் ஐந்தும் இரண்டாகிவிடாது. "பார்த்தேன், கால் போகவில்லை" என்று அந்த வாலிபர் சொன்னதற்கு இதுதான் அர்த்தம்.

2022-ல் அமெரிக்காவில், சான்டியாகோவிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமாகக் கஞ்சா பிடிக்கும் 191 பேரைச் சேர்த்து, சிலருக்கு உண்மையான சரக்கும் சிலருக்குப் போதையில்லாத சரக்கும் கொடுத்து, வண்டி ஓட்டுவது போன்ற யந்திரத்தில் உட்கார வைத்தார்கள். போதை சரக்கு பிடித்தவர்கள் அரை மணியிலும் மோசமாக ஓட்டினார்கள், ஒன்றரை மணியிலும் மோசமாக ஓட்டினார்கள். நாலரை மணி நேரம் ஆனபோதுதான் வித்தியாசம் மறைந்தது. நமது டிரைவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. ஒன்றரை மணி நேரத்திலேயே அவர்களில் பலர், "இப்போது தெளிந்துவிட்டது, ஓட்டலாம்" என்ற நம்பிக்கைக்கு வந்துவிட்டார்கள். ஓட்டம் மட்டும் தேறவில்லை. அதாவது, போதை இறங்கிவிட்டதா என்று போதையிலிருப்பவரிடமே கேட்டுப் பயனில்லை. பழகியவனுக்கு ஒன்றும் செய்யாது என்று மார் தட்டுபவர்களுக்கும் இதுவே பதில்; அந்த 191 பேரும் பழகியவர்கள்தான். லேகியமாகவோ உருண்டையாகவோ தின்றால் போதை தாமதித்து ஏறும். இன்னும் நீண்ட நேரம் நிற்கும். மதுவும் சேர்ந்துவிட்டால் இரண்டும் கைகோத்துக்கொண்டு தனித்தனியாகச் செய்வதைவிட அதிகக் கேடு செய்யும்.

விபத்து எவ்வளவு கூடுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒரே கணக்கு இல்லை. 2012-ல் பிரிட்டிஷ் மருத்துவப் பத்திரிகையில் 9 ஆய்வுகளிலிருந்து 49,411 பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்தவர்கள், கஞ்சா பிடித்து ஓட்டினால் மோதும் அபாயம் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது என்றார்கள். 2015-ல் அமெரிக்க சர்க்காரே வர்ஜீனியா பீச் நகரில் நடத்திய ஆய்வில், வயது, ஆண் பெண் வேறுபாடு முதலியவற்றைக் கழித்துப் பார்த்தபோது கஞ்சாவினால் கூடிய அபாயம் கணக்கில் நிற்கவில்லை. மதுவினால் கூடியது மட்டும் பல மடங்காக நின்றது. நமக்குப் பிடித்ததை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நமது வழக்கமல்ல. மதுவைவிடக் கஞ்சா சாலையில் குறைந்த கொலைகாரன் என்று எவரேனும் வாதித்தால் நாம் மல்லுக்கு நிற்கப் போவதில்லை. ஆனால் சைக்கிளில் போகிறவருக்கு ஒரு கால்தான் நசுங்கியது. சராசரிக் கணக்கில் நசுங்கவில்லை.

அந்த வாலிபரிடம் நாம் இன்னொரு கேள்வி கேட்டோம். கடைசியாக எப்போது தூங்கினாய்?

விரல் விட்டு எண்ணினார். முந்தின இரவு ஒரு மணிக்கு எழுந்து வண்டியை எடுத்தவர். ஒரு துறைமுகத்தின் வாசலில் ஏழு மணி நேரம் வரிசையில் நின்றார். அந்த வரிசை பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு வண்டி நீளம் நகரும். நகராவிட்டால் பின்னாலிருப்பவன் முந்துவான். எனவே அங்கே தூக்கம் கிடையாது. முன்னெல்லாம் கிளீனர் ஒருவர் இருப்பார். மாற்றி மாற்றிக் கண்ணை மூடலாம். இப்போது கிளீனர் கூலியை மிச்சம் பிடித்துவிட்டார்கள். டிரைவர் ஒற்றை ஆள். லோடு இறக்கி, மறு லோடு ஏற்றி, சிப்காட் திரும்பும்போது இரவு பதினொன்றரை. இருபத்திரண்டரை மணி நேரம்! மாதச் சம்பளம் கிடையாது. டிரிப்புக்கு இவ்வளவு என்று படி. தூங்கினால் டிரிப் இல்லை. டிரிப் இல்லாவிட்டால் படி இல்லை. "உடம்பெல்லாம் முறிக்குதுண்ணே. ஒரு இழுப்பு இழுத்தா வலி தெரியாது" என்றார்.

1997-ல் ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் இருவர் ஒரு கணக்குப் போட்டார்கள். 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவனின் கைகண் திறமை, 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் மது ஏறியவனுடையதற்குச் சமமாகிவிடுகிறது. 24 மணி நேரம் விழித்தால் ஏறக்குறைய 100 மில்லிகிராம். நமது மோட்டார் வாகனச் சட்டத்தின் 185-வது பிரிவு அனுமதிக்கும் உச்ச அளவு 30 மில்லிகிராம். அப்படியானால் அந்த இரவில் அந்த வாலிபர் ஒரு பீடியும் தொடாமலிருந்தாலும்கூட, சட்டம் பொறுக்கும் அளவைப் போல் மூன்று மடங்கு குடித்தவனின் நிலையை நெருங்கிக்கொண்டிருந்தார். அதன் மேல் கஞ்சா. கஞ்சா களைப்பைத் தீர்ப்பதில்லை. களைப்பு தெரியாமல் செய்கிறது. பிறகு தானும் கண்ணைச் செருக வைக்கிறது.

ஆக, அந்த வண்டியில் இரண்டு போதைகள் இருந்தன. ஒன்றைப் பொட்டலக்காரன் விற்றான். மற்றொன்றை லாரி முதலாளி இலவசமாகக் கொடுத்தார். ஊதும் கருவி இரண்டையும் காணவில்லை.

சட்டமாவது காண்கிறதா? அதே 185-வது பிரிவில் மதுவுக்கு எண் இருக்கிறது. கஞ்சாவுக்கு எண் இல்லை. வண்டியைச் சரிவரக் கட்டுப்படுத்த இயலாத அளவு போதைப்பொருளின் வசத்தில் இருந்தால் குற்றம் என்று மட்டும் இருக்கிறது. அதை யார், எந்தச் சோதனையால் தீர்மானிப்பது? விபத்து நடந்த அன்றே டாக்டர் பார்த்து இரத்தம் எடுத்தால் ஒருவேளை தெரியும். ஊதிப் பூஜ்யம் வந்தபின் அந்தச் சிரமத்தை யார் எடுத்துக்கொள்கிறார்கள்? மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் வருடாந்திர அறிக்கையில் விதிமீறல் அட்டவணையைப் பாருங்கள். மதுவும் போதைப்பொருளும் ஒரே கட்டத்தில் கிடக்கின்றன. தூக்கமின்மைக்கு அதில் ஒரு கட்டமே கிடையாது. 2022-ல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துக்களில் 17,884 பேர் மாண்டார்கள் என்று அதே அறிக்கை சொல்கிறது. அவர்களில் எத்தனை பேர் தூங்கி வழிந்த டிரைவரின் வண்டியில் அடிபட்டவர்கள்? எழுதப்படாத எண் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை.

வேலை நேரத்துக்குச் சட்டம் இல்லாமலில்லை. 1961-ம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வரையறுத்தது. தூர வழித்தடங்களில் 10 மணி, 54 மணி வரை போகலாம். ஐந்து மணி நேர வேலைக்குப் பின் அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலைக்கும் மறுநாள் வேலைக்கும் நடுவே தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு. எவ்வளவு அழகான சட்டம்! ஐந்து பேருக்குக் குறைந்த நிறுவனத்துக்கு அது செல்லாது என்று ஒரு சந்து வைத்திருந்தார்கள். அந்தச் சந்தில் லாரிகளே நுழைந்து போயின. பத்து வண்டிக்காரர் இரண்டை மனைவி பேரிலும் இரண்டை மைத்துனன் பேரிலும் எழுதி வைப்பதை நாம் எத்தனை பார்த்திருக்கிறோம்! இப்போது அந்தச் சட்டமும் தனியாக இல்லை. 2020-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புத் தொகுப்பு அதை விழுங்கிவிட்டது. 2025 நவம்பர் 21-ந் தேதி முதல் தொகுப்பு அமல் என்று மத்திய சர்க்கார் அறிவித்தது. புதிய தொகுப்போ, பழைய சட்டமோ, துறைமுக வாசல் வரிசையில் வந்து டிரைவரின் வேலை நேரத்தைக் கேட்ட ஒரு தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டரை நாம் இதுவரை கண்டதில்லை.

இன்ஸ்பெக்டர் வராத சாலையில் வேட்டைக்காரர்கள் மட்டும் வருகிறார்கள். தமிழ்நாட்டுப் போலீசார் 2021 டிசம்பரில் "ஆபரேஷன் கஞ்சா வேட்டை" தொடங்கினார்கள். 2022-ல் இரண்டாவது, மூன்றாவது என்று எண் போட்டுத் தொடர்ந்தார்கள். ஆந்திராவில் 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் 2 லட்சம் கிலோ கஞ்சாவைக் குவித்துத் தீ வைத்தார்கள். ஆந்திர-ஒடிசா எல்லை மலைகளில் விளைவது இதே 16-ம் நெடுஞ்சாலை வழியாகவும் ரயிலிலும் தெற்கே வருகிறது. எளாவூர் சோதனைச்சாவடியில் அடிக்கடி பிடிபடுகிறது. பிடிக்கட்டும், வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பிடிபடுவது யார்? மூட்டையைச் சுமந்தவன், வண்டியை ஓட்டியவன். 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் 20 கிலோ கஞ்சா வணிக அளவு. 10 முதல் 20 வருஷம் வரை கடுங்காவல். மூட்டைக்குப் பணம் போட்டவனின் பெயர் எத்தனை குற்றப்பத்திரிகையில் வந்திருக்கிறது?

இதே கஞ்சாவை வெள்ளைக்காரன் லைசென்ஸ் கொடுத்து விற்கவிட்டு வரி வாங்கினான். 1893-ல் அமைத்த கமிஷன் 1,193 சாட்சிகளை விசாரித்து, அளவாகப் பிடித்தால் பெரிய கெடுதி இல்லை என்று அடுத்த வருஷம் அறிக்கை கொடுத்தது. அந்தக் கமிஷனை இன்றும் சிலர் மேற்கோள் காட்டுகிறார்கள். அது விசாரித்த காலத்தில் இந்தியாவில் ஒரு லாரிகூட ஓடவில்லை என்பதையும் அவர்கள் சேர்த்துச் சொல்லலாம்.

இனி ஒரு புதிய ஆபத்தைப் பற்றி. சிப்காட்டில் சில கம்பெனிகள் கேட்டில் டிரைவர்களின் சிறுநீரைச் சோதிக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. கேட்பதற்கு நல்ல ஏற்பாடாகத் தோன்றும். கஞ்சா உடம்பின் கொழுப்பில் தங்குவது. வழக்கமாகப் பிடிப்பவனின் சிறுநீரில் வாரக்கணக்கில் தடயம் நிற்கும். சென்ற ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பிடித்தவனும், இப்போது ஓரங்கட்டிப் பிடித்தவனும் அந்தச் சோதனையில் ஒன்றே. மேலே சொன்ன சான்டியாகோ பரிசோதனையில் இரத்தத்திலிருந்த டி.எச்.சி. அளவுக்கும் ஓட்டம் கெட்டதற்கும்கூடப் பொருத்தம் தென்படவில்லை. அதனால்தான் வெளிநாடுகள் ஆளுக்கொரு எல்லை வைத்துத் தடுமாறுகின்றன. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாகாணம் 2004 முதல் சாலையில் எச்சிலைச் சோதிக்கிறது. பிரிட்டன் 2015-ல் லிட்டர் இரத்தத்துக்கு 2 மைக்ரோகிராம் என்றது. ஜெர்மனி 2024-ல் தன் பழைய எல்லையைத் தளர்த்தி, லிட்டர் சீரத்துக்கு 3.5 என்றது. நமக்கு எச்சில் சோதனை ஓரளவு நியாயமாகப் படுகிறது. சமீபத்தில் பிடித்ததை அது சிறுநீரைவிடச் சரியாகக் காட்டும். சிறுநீர்ச் சோதனையோ சாலையைக் காப்பாற்றாது. சங்கத்தில் சேர்ந்தவனை வெளியே தள்ள மட்டும் வசதியாக இருக்கும்.

எனவே நாம் கேட்பது: விபத்து நடந்த ஒவ்வொரு கனரக வண்டியிலும், டிரைவர் ஊதியதை எழுதும் அதே தாளில், அவர் கடைசி இருபத்து நாலு மணி நேரத்தில் எத்தனை மணி நேரம் ஓட்டினார் என்பதையும் எழுத வேண்டும். சுங்கச்சாவடி ஃபாஸ்டேக் பதிவும் துறைமுகக் கேட் பதிவும் இருக்கின்றன, மறைக்க முடியாது. ஒன்பது மணி நேர ஓய்வு தராத வண்டிக்காரரை வழக்கில் எதிரியாகச் சேர்க்க வேண்டும். துறைமுக வாசலில் டோக்கன் முறையும், படுக்க இடமும், கக்கூசும் வேண்டும். கஞ்சாவை விட விரும்புபவர் தானே சிகிச்சைக்கு வந்தால் சிறு அளவுக் குற்றத்துக்கு வழக்கில்லை என்று போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவே சொல்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில் எத்தனை டிரைவர்களுக்கு இது தெரியும்? மாவட்டச் சட்டப்பணிக் குழுவினர் ஒரு நாள் லாரி நிற்கும் இடத்துக்கு வந்து சொல்லட்டும்.

டிரைவர் தோழர்களுக்கு நாம் சொல்வது ஒன்று உண்டு. கசப்பாக இருந்தாலும் கேட்டுக்கொள்ள வேண்டும். முதலாளி தூங்க விடவில்லை என்பது உண்மை. அதற்காகப் பொட்டலத்தை எடுப்பது முதலாளிக்குச் செய்யும் உதவி. இருபது மணி நேர வேலையைத் தாங்க முடியாதவன்தான் இருபது மணி நேர வேலையை எதிர்ப்பான். தாங்க வைப்பது கஞ்சா. இழுத்துவிட்டீர்களா? வண்டியை ஓரங்கட்டி, சாவியைப் பிடுங்கிவிட்டு, ஐந்தாறு மணி நேரம் படுங்கள். டிரிப் போனால் போகட்டும். அந்தப் படியைக் கேட்டு வாங்கச் சங்கம் இருக்கிறது.

படுக்க இடம் எங்கே என்று கேட்டார்கள். சங்க ஆபீசின் பின்கட்டில் நான்கு கயிற்றுக் கட்டில் போட்டிருக்கிறோம். முதல் வாரம் யாரும் வரவில்லை; ஒரு பூனை மட்டும் படுத்திருந்தது. இப்போது இரவில் இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். ஏன் வந்தாய், என்ன பிடித்தாய் என்று யாரும் கேட்பதில்லை.

கால் இழந்த தொழிலாளியின் விஷயம் இன்னும் முடியவில்லை. வேலைக்கு வரும் வழியிலும் போகும் வழியிலும் நேரும் விபத்தை வேலையில் நேர்ந்த விபத்தாகவே கொள்ள 2010-ல் இ.எஸ்.ஐ. சட்டத்தில் வகை செய்தார்கள். காண்டிராக்டரோ, அப்படி ஒரு ஆள் தன் ரிஜிஸ்தரில் இல்லை என்கிறார். கூட வேலை செய்யும் ஒடிசாத் தோழர்கள் ஆறு பேர், அவர் மூன்று வருஷமாக அந்த உலையில் நிற்பவர் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். விபத்து நஷ்ட ஈட்டுக்குத் தனியாக மனுப் போட்டிருக்கிறது. அதில் சாட்சி சொல்ல, அந்த மாதத்து டிரிப் ஷீட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டு, நமது வாலிபர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.